இரண்டாம் பக்கத்துக் கதவு

ர்ர்ர்க்.

இரவு ஒன்பதரை மணி. கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்த அரிசி டிரம் தானாக ஒரு விரற்கடை நகர்ந்தது.

சலேத் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கத்தினாள். எதிரே பாத்திமாக்கா வீட்டில் விளக்கு எரிந்தது. வெளியே யாரோ ஓடினார்கள்.

அந்த அரசுக் குடியிருப்பில் அவள் வீட்டுக்கு மட்டும்தான் தாழ்ப்பாள் இல்லை. கதவின் நிலையைக் கரையான் தின்றுவிட்டது, திருகாணி நிற்காது. குடியிருப்பவர்கள் நிலையில் கைவைக்கக் கூடாதென்பது குடியிருப்பு அலுவலகத்தின் விதி. புருஷன் மஸ்கட்டில்.

திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள். ஆட்சியர் அலுவலக வாசலில், ஜெராக்ஸ் கடைத் தார்ப்பாயின் கீழ் இளவஞ்சி உட்கார்ந்திருந்தாள். சலேத்தைவிட நாலு வயது சின்னவள். மனு எழுதித் தரும் அவளை ஊரே ‘மனு டீச்சர்’ என்றுதான் கூப்பிடும்.

“டீச்சர், ரெண்டு மனு கொடுத்துட்டேன். கான்வென்ட்ல கடிதம் எழுதிப் பரிசு வாங்கினவ நான். ஏன் யாருமே காதுல வாங்க மாட்டேங்கறாங்க?”

“பதிலே வரலியாக்கா?”

“வந்துச்சு. முதல் மனுவுக்கு அங்கன்வாடியிலேர்ந்து ரெண்டு பாக்கெட் சத்துமாவு. அடுத்ததுக்கு, கரையான் எந்தப் பயிரைத் தாக்கியிருக்குன்னு வேளாண்மை ஆபீஸ்ல கேக்கறாங்க.”

“என்ன பயிர்னு சொன்னீங்க?”

“கிண்டல் பண்ணாதீங்க டீச்சர். வயித்தெரிச்சலா இருக்கு.”

சலேத் மூன்றாவது மனுவை நீட்டினாள். முத்து முத்தான எழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது.

இளவஞ்சி வாய்விட்டுப் படித்தாள். “பேரன்பும் பெருங்கருணையும் கொண்ட ஆட்சித் தலைவர் அவர்களின் மேலான சமூகத்திற்கு, கணவர் மஸ்கட்டில் பணிபுரிய, பத்து மாதக் கைக்குழந்தையுடன் தன்னந்தனியே வசித்து வரும் அடியாள், கண்ணீர் மல்க, தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்...”

பக்கத்தைத் திருப்பினாள்.

“முற்றுப்புள்ளியைக் காணோமேக்கா?”

“கடைசியில இருக்கு டீச்சர்.”

“ஒண்ணேதானா?”

“பெரியவங்ககிட்ட பேசும்போது வெடுக்வெடுக்னு நிறுத்தினா மரியாதையா இருக்காதே.”

இளவஞ்சி பேனாவால் உள்ளே ஒரு மேசையைக் காட்டினாள். கண்ணாடி போட்ட ஒருவர் மனுக்களைப் பார்த்துப் பார்த்து, மூலையில் சிவப்பு மையால் ஏதோ எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்.

“எந்த மனு எந்த ஆபீசுக்குப் போகணும்னு அவர்தான் எழுதுவார். பக்கத்துல போய் நில்லுங்க. ஒரு மனுவை அவர் பார்த்து முடிக்கறதுக்குள்ள எத்தனை வரைக்கும் எண்ண முடியுதுன்னு வந்து சொல்லுங்க.”

சலேத் போனாள். குழந்தையை இடுப்பு மாற்றி இடுப்பு வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

“நாலு எண்ணுறதுக்குள்ள முடிச்சிடறார் டீச்சர்.”

“நாலு எண்ணுறதுக்குள்ள, உங்க மனுவில கதவு வந்துடுதா?”

சலேத் தன் தாளை எடுத்துப் பார்த்தாள். கதவு இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

“நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க டீச்சர்.”

“மாட்டேன்.”

“ஊருக்கெல்லாம் எழுதறீங்க!”

“எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதறேன். கதவைத் தள்ளின அன்னிக்கு ராத்திரி என்னன்னு கத்தினீங்க?”

“‘பாத்திமாக்கா, யாரோ கதவைத் தள்றாங்க, ஓடி வாங்க’ன்னு.”

“பேரன்பும் பெருங்கருணையும் கொண்ட பாத்திமாக்கான்னு சொல்லலியா?”

“உசிரு போற நேரத்துல அதையெல்லாமா சொல்வாங்க?”

“அவங்க வந்தாங்களா?”

“வந்தாங்க. பாதி ராத்திரிவரைக்கும் கூடவே உக்காந்திருந்தாங்க.”

“மரியாதை குறைஞ்சிடுச்சுன்னு கோவிச்சுக்கிட்டாங்களா?”

சலேத் மூன்றாவது மனுவை நாலாக மடித்து வைத்தாள்.

குழந்தையைத் தூக்கி இளவஞ்சியின் மடியில் போட்டாள். ஒரு வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

‘ஐயா, வணக்கம்.

பொருள்: சி-14 வீட்டின் கதவு நிலையை மாற்றித் தரக் கோருதல்.

நிலையைக் கரையான் அரித்துவிட்டது. தாழ்ப்பாள் நிற்கவில்லை. ஒன்பதாம் தேதி இரவு யாரோ கதவைத் தள்ளினார்கள். வீட்டில் நானும் என் பத்து மாதக் குழந்தையும் மட்டுமே இருக்கிறோம். நிலையை மாற்றித் தாருங்கள்.’

கையெழுத்துப் போட்டுவிட்டு எண்ணிப் பார்த்தாள். முற்றுப்புள்ளிகள் ஏழு.

இளவஞ்சி தாளை இரண்டு தடவை படித்தாள். பேனாவை மூடியே வைத்திருந்தாள்.

“குழந்தையைப் பிடிங்கக்கா. வரிசை நீண்டுக்கிட்டே போவுது.”

கண்ணாடிக்காரர் மனுவைப் பார்த்தார். சலேத் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்றாள். மூன்று வரவில்லை. சிவப்பு மையில் ‘குடியிருப்பு’ என்று விழுந்துவிட்டது.

வியாழக்கிழமை புது நிலையோடு இரண்டு தச்சர்கள் வந்தார்கள். கூடவே அலுவலகத்து ஓவர்சீயர், கையில் அவளுடைய மனு.

“இதை யாரும்மா எழுதினது? வக்கீலா?”

“நான்தான்.”

“இவ்வளவுதானா எழுதினீங்க?”

“அவ்வளவுதான் சார்.” தலை தானாக நிமிர்ந்தது.

பொழுது சாயும்போது வேலை முடிந்தது. ஓவர்சீயர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

“வேற ஏதாவது சொல்லணுமாம்மா? எழுதிக்கிறேன்.”

புருஷன் போன் பேசி ஒன்பது நாளாகிறது. குழந்தைக்கு எடை ஏறவில்லை. அவளுக்கு இன்னும் இருட்டினால் பயம்.

“கதவு மட்டும்தான் சார். ரொம்ப நன்றி.”

அவர்கள் போனார்கள். சலேத் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.