எப்படிப் பிரிப்பது?

அத்தனையும் உண்மை. ஒரு சொல் பொய்யென்றால் என் மீசையில் பாதியை வழித்துவிடுகிறேன். எந்தப் பாதி என்பதை நீங்களே சொல்லலாம்.

ஒரு காட்டுக் குளக்கரையில் கொக்கும் நரியும் இலக்கியம் பேசிவந்தன. எந்தப் புலவர் மூட்டையிலிருந்து விழுந்ததோ, ஒரு பழைய ஓலை நறுக்கு அவற்றுக்குக் கிடைத்திருந்தது. அதில் ஒரே வரி: 'இடர்வரின்துணைகாத்திரு'. ஓலையில் சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதும் வழக்கம் ஏது? எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

'துணை காத்திரு' என்று பிரித்தது கொக்கு. இடர் வந்தால் உதவி வரும்வரை பொறுத்திருப்பதே கடமையாம். 'துணை காத்து இரு' என்று பிரித்தது நரி. தோழனைக் காப்பாற்றி நிற்பதே கடமையாம். இந்தச் சண்டை மூன்று மழைக்காலம் ஓடியது. ஒருநாளும் தவறாமல் முன்னால் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டியது ஓர் ஆமை. அதன் சிநேகிதி நண்டு மட்டும் அந்தப் பக்கமே வராது. கொக்குக்கு நண்டு என்றால் எவ்வளவு பிரியம் என்று அதற்குத் தெரியும்.

ஒருநாள் காலை ஆமை வலையில் சிக்கிக்கொண்டது. வலைக்காரன் சாக்கு எடுத்துவரப் போனான். ஆமை போட்ட கூச்சலில் கொக்கும் நரியும் வந்து சேர்ந்தன.

"பார்த்தீரா, இடர் வந்துவிட்டது. இனி உதவிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்" என்றது கொக்கு.

"காப்பதென்றால் தோழனை அல்லவா காக்க வேண்டும்? இந்த ஆமை உமக்குத் தோழனா, எனக்கா? அதை முதலில் தீர்த்துக்கொள்வோம்" என்றது நரி.

வழக்கு முற்றியது. கடைசியில் கொக்கு ஆமையையே கேட்டது.

"இடரில் இருப்பவர் நீர். எப்படிப் பிரித்தால் சரியென்று உமக்குப் படுகிறது?"

"சாமிகளா, சொல்லை எப்படி வேண்டுமானாலும் பிரியுங்கள். முதலில் வலையைப் பிரியுங்கள்!"

'பிரி' என்பதற்கு இப்படியும் ஒரு பொருளா என்று இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டன.

இதற்குள் ஆமையின் கூச்சல் தண்ணீருக்குள் நண்டுக்கும் எட்டிவிட்டது. அது கரையேறி, கொக்கின் காலிடுக்கு வழியாகவே பக்கவாட்டில் ஊர்ந்தது. கொக்கு வானத்தைப் பார்த்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்ததால் நண்டு பிழைத்தது. நறுக், நறுக், நறுக். சாக்கு வருவதற்குள் நண்டும் ஆமையும் குளத்துக்கு அடியில் இருந்தன.

கொக்கு தண்ணீரை எட்டிப் பார்த்தது. "நண்டம்மா, நீ எங்களில் யார் உரைப்படி நடந்தாய்?"

"எனக்கு எழுத்தே தெரியாதுங்க. இவன் கத்தினது கேட்டுச்சு" என்று ஆழத்திலிருந்தே பதில் வந்தது. மேலே வரத்தான் இல்லை.

கடமைக்கும் தோழமைக்கும் பொருள் சொல்பவர் துணையல்லர். அலறல் கேட்டதும் கை கொடுப்பவரே துணை.

சொன்னது நான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கொக்குக்குத் தெரிந்தால் இந்தக் கதைக்கும் உரை சொல்ல வந்துவிடும். நரியின் மறுப்புரையையும் நான்தான் உட்கார்ந்து கேட்க வேண்டும்.