நான்காவது தடம்

“என் கிட்டாரை மூடச் சொன்னது யாரு?” என்று கேட்டபடியே ராயப்பன் கண்ணாடி அறைக்குள் வந்தார்.

ஒலிப்பதிவாளர் தாமோதரன் புல்லாங்குழல்காரி கமலவேணியைப் பார்த்தார். அந்தப் பார்வையையும் ராயப்பன் கவனித்தார்.

“நான்தான்,” என்றாள் அவள்.

ஜாஸும் ராக்கும் கலந்த இசைத்தட்டு. அந்த ஊரில் அதுவரை யாரும் செய்து பார்க்காதது. குழு அவளுடையது. ராயப்பன் அவளைவிட ஒன்பது வயது மூத்தவர். அவளிடம் கற்றுக்கொள்ள ஹோட்டல் இசைக்குழுவை விட்டு வந்தவர். தட்டில் கிட்டார் இல்லையென்றால் திரும்பிப் போக ஹோட்டலும் இல்லை.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, டீச்சர்.”

“மூணு தடவை சொன்னேன். நீங்க வாசிச்சுக்கிட்டு இருந்தீங்க.”

“நேத்து டீக்கடையில ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தீங்க. நான் வந்ததும் நிறுத்திட்டீங்க.”

“ஆமாம்.”

“இசைத்தட்டு அட்டையில உங்க படம் மட்டும்தான்.”

“அதுவும் ஆமாம்.”

“எட்டு வருஷம் ஹோட்டல்ல வாசிச்சவன் நான். மூஞ்சியைப் பார்த்தே எவன் பாதியில எழுந்து போவான்னு சொல்லிடுவேன்.”

“என் மூஞ்சி என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லல. அதுதான் உறுத்துது.”

தாமோதரன் சிரித்தார். ராயப்பன் சிரிக்கவில்லை.

டேப்பில் நான்கு தடங்கள். ஒரு வாத்தியத்துக்கு ஒரு மைக், ஒரு தடம். மூன்றாவது அவளுடையது. நான்காவது அவருடையது.

“மூணாவதை மட்டும் போடுங்க,” என்றாள்.

குழல் வந்தது. கூடவே கிட்டார் வந்தது. ஒரு தந்தி விடாமல் முழுசாக.

ராயப்பன் நான்காவது குமிழைத் தொட்டுப் பார்த்தார். மூடித்தான் இருந்தது.

“வேற எங்கேயோ ஒயர் கொடுத்திருக்கீங்க.”

“பின்னாடி போய்ப் பாருங்கண்ணே,” என்றார் தாமோதரன்.

போனார். ஒவ்வொரு ஒயராகப் பிடித்துப் பார்த்தார். சட்டையெல்லாம் தூசியோடு வந்தார்.

“எங்கேயிருந்து வருது?”

“என் மைக்குலேர்ந்து.”

கண்ணாடிக்கு அப்பால், பதிவு அறையில், அவள் மைக் அவருடைய கிட்டார் ஆம்ப்ளிஃபையரிலிருந்து பத்தடி தள்ளி நின்றிருந்தது.

“ரெண்டையும் திறந்தா ஒரு கிட்டாரை இன்னொரு கிட்டார் துரத்துது,” என்றார் தாமோதரன். “அதான் ஒண்ணை மூடினோம்.”

ராயப்பன் அவரை நம்பியதாகத் தெரியவில்லை.

“என் தடத்தைத் தனியா போடுங்க. அதுல இவங்க எவ்வளவு இருக்காங்கன்னு பார்த்துடுவோம்.”

தாமோதரன் மூன்றாவதை மூடி நான்காவதைத் திறந்தார்.

கிட்டார் வந்தது. ராயப்பன் ஒலிபெருக்கியில் காதை வைத்தார். விரல் விட்டுத் தாளம் எண்ணினார். ஓரிடத்தில் கை நின்றது.

“இங்க நீங்க வரணுமே.”

“வந்தேன்.”

“திரும்பப் போடுங்க.”

திரும்பவும் கிட்டார். திரும்பவும் அதே இடம். அதைத் தாண்டியும் கிட்டார்தான்.

பாட்டு முடிந்து டேப் வெறுமனே ஓடியது. யாரும் நிறுத்தவில்லை.

“இன்னொரு தடவை வாசிச்சுடலாமா?” என்று கேட்டாள்.

ராயப்பன் பதிவு அறைக்குப் போனார்.

கண்ணாடிக்கு அப்பால் அவர்கள் இருவரும் தலையைச் சேர்த்து வைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குனிந்து, ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் குறைத்தார்.