செக் சொல்லக் கூடாத அரண்மனை

ஆனைமடை ராஜாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மீசை துடிக்கும், அப்புறம் யாருக்காவது வேலை போகும். அன்றைக்கு வாசல் காவலாளி இருளாண்டிக்குப் போயிற்று.

பாவம், அவன் என்ன செய்தான்? ராஜாவின் மைத்துனர் கஜேந்திரன் மூட்டையோடு வெளியே கிளம்ப, "செக் பண்ணணும் சாமி" என்று மறித்தான். துரைமார் பழக்கிவிட்ட வார்த்தை!

ராஜா குதித்தார். "என் மச்சானையே செக் பண்ணுவானா? இனி இந்த அரண்மனையில் எவன் வாயிலும் அந்த வார்த்தை வரக்கூடாது! இருளாண்டி நாளையிலிருந்து வீட்டில் கிடக்கட்டும்!"

இருளாண்டி அரசவைப் புலவர் அம்பலவாணரிடம் ஓடினான். "பிள்ளைகுட்டிக்காரன் ஐயா, எங்கே போவேன்?"

"அழாதேடா. இன்றைக்கு வேலை இருக்கிறதல்லவா? போய் நில்" என்றவர், அவன் காதில் ஏதோ சொன்னார்.

சாயங்காலம் ராஜாவுக்கும் அம்பலவாணருக்கும் சதுரங்கம். அம்பலவாணர் குதிரையை நகர்த்தினார், மூச்சுக் காட்டவில்லை. ராஜா கவனிக்காமல் ஒரு சிப்பாயைத் தள்ளினார். அடுத்த நொடி, அம்பலவாணர் ராஜாக் காயை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

"ஓய்! செக் சொல்ல வேண்டாமா?"

"சொல்லக்கூடாதென்று உத்தரவு, மகாராஜா."

மீசை துடித்தது. அம்பலவாணர் அசரவில்லை.

"பாரசீகத்தில் 'ஷா' என்றால் ராஜா. ஆட்டத்தில் அவருக்கு ஆபத்தென்றால் 'ஷா!' என்று எச்சரிப்பார்கள். அது ஊர் ஊராகச் சுற்றி, இங்கிலீஷில் செக் ஆயிற்று. ஆபத்தென்றால் நிற்கணும், அதனால் தடுப்பதும் செக். நின்றால் பார்க்கணும், அதனால் சோதிப்பதும் செக். இந்தப் பலகை மாதிரி இருப்பதால் தங்கள் கட்டம் போட்ட துண்டுகூடச் செக்! எல்லாம் ராஜா பெயரைச் சொல்லி நடக்கிற பிழைப்பு. இருளாண்டியும் தங்களுக்காகத்தான் மறித்தான்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, என் ராஜாவைக் கொடும்."

"இதோ. ஆனால் மைத்துனர் இப்போது மூட்டைகட்டி வண்டியில் ஏற்றிய அரண்மனை வெள்ளிக் குத்துவிளக்குகளை நான் கொடுக்க முடியாது. உத்தரவுப்படி யாரும் செக் பண்ணவில்லை."

"ஐயோ!" ராஜா வாசலுக்கு ஓடினார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. விளக்குகள் தரையில் உருண்டன. நடுவில் கஜேந்திரன் விழித்தபடி நின்றார்.

இருளாண்டி கைகட்டி நின்றான். "செக் பண்ணலே சாமி. சக்கரத்துக் கடையாணியை மட்டும் கழற்றினேன். வண்டி தானா உட்கார்ந்துடுச்சு."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உத்தரவில் ஒரே ஒரு பெயரை மாற்றுங்கள். நாளையிலிருந்து வீட்டில் கிடக்கப்போவது என் மச்சான்!"