கரைவலையில் ஒரு பங்கு

புன்னைக்குப்பத்தை ஒட்டி ஒரு சின்ன மடம். அதில் பூரணி அம்மை என்ற துறவி தனியாக இருந்தார். ஊர்த்தலைவர் தேசிங்கு அவரைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அம்மைக்கு முதல் சீடர் அவர்தான்.

அன்று காலை தேசிங்கு முகம் வாடி வந்து உட்கார்ந்தார்.

“தெற்கே ஒரு குப்பத்தைக் கடல் அரிச்சிடுச்சும்மா. வீடு போன ஏழெட்டுக் குடும்பம் நம்ம கரையில வந்து ஒதுங்கியிருக்கு. தொழில்ல சேத்துக்கங்கன்னு கெஞ்சுறாங்க.”

“என்ன சொன்னீங்க தலைவரே?”

“சாயங்காலத்துக்குள்ள கிளம்பச் சொல்லிட்டேன். மனசு கேக்கல. ஆனா இது எங்க பூட்டன் முள்ளு வெட்டி உண்டாக்கின ஊரு. மீனும் முன்ன மாதிரி இல்ல. இருக்கறவங்களுக்கே பத்தாத பங்கு. நேத்து வந்தவங்களுக்கு எதைக் கொடுக்கறது? நான் செஞ்சது தப்பாம்மா?”

அம்மை பதில் சொல்லுமுன் கரையில் கூச்சல் கேட்டது. இருவரும் ஓடினார்கள்.

கரையிலிருந்து இழுக்கும் கரைவலையில் அன்று நல்ல பாடு, நிறைய மீன் விழுந்திருந்தது. ஆனால் நீரோட்டம் வலையை வடக்கே இழுத்துக்கொண்டு போனது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும் பெண்களும். வாலிபப் பிள்ளைகளில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். இழுத்தவர்களின் கால்கள் மணலில் சறுக்கின.

அம்மை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். சற்றுத் தள்ளி மூட்டை கட்டிக்கொண்டிருந்த தெற்கத்திக்காரர்களைப் பார்த்து, “வாங்க, வந்து பிடிங்க!” என்று குரல் கொடுத்தார்.

அவர்கள் தேசிங்கைப் பார்த்தார்கள்.

கயிறு இன்னும் கொஞ்சம் நழுவியது. தேசிங்கு விலகி வழிவிட்டார்.

அத்தனை பேரும் ஓடிவந்து பிடித்தார்கள். வெயில் ஏறியபோது வலை கரை சேர்ந்தது. வலையின் மடி நிறைய நெத்திலி.

வந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு மூட்டைகளிடம் திரும்பிப் போனார்கள். ஊர்க்காரர்கள் மீனைத் தங்களுக்குள் கூறு பிரித்தார்கள். தேசிங்கு ஒரு கூறை அள்ளி அம்மையின் முன்னால் வைத்தார்.

“நான் மீன் சாப்பிடறதில்லையே” என்றார் அம்மை.

“யாருக்காவது கொடுங்கம்மா. கயிறு பிடிச்சவங்களுக்குப் பங்கு வைக்காம விடக்கூடாது. பூட்டன் காலத்து வழக்கம்.”

“நான் இந்த ஊருக்கு வந்து மூணு வருஷந்தானே தலைவரே ஆச்சு?”

தேசிங்கு மூட்டைகளோடு நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். குனிந்து, பிரித்து வைத்த கூறுகளையெல்லாம் கலைத்து, மறுபடியும் ஒரே குவியலாக்கினார்.