தோட்டத்தை நோன்பிருக்க வைத்த வான்கோழி

ஒரு மாதா கோவில் தோட்டத்தில் ஒரு வான்கோழியும், ஒரு தேரையும், கூடு நிறையத் தேனீக்களும் வாழ்ந்து வந்தன. வான்கோழியின் பெயர் இன்னாசி. அந்தத் தோட்டத்தில் அவனைவிடப் பெரிய பக்திமான் கிடையாது. அதை அவனே ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வான். கேட்டுக் கேட்டுத் தேரை செபத்திக்குக் காது புளித்துப்போயிருந்தது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று இன்னாசி கோவில் ஜன்னலுக்கு வெளியே நின்று பிரசங்கம் கேட்டான். "தவக்காலம் நாற்பது நாளும் பீடத்தில் பூ வைக்க வேண்டாம்," என்றார் சாமியார். அவ்வளவுதான்! மீதியைக் கேட்க அவனுக்கு எங்கே பொறுமை? சிறகை அடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடி வந்தான்.

"எல்லாரும் கேளுங்க! இன்னையிலிருந்து பூவுக்குத் தடை! ஈஸ்டர் வரைக்கும் ஒரு செடியும் பூக்கக் கூடாது!"

செபத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, பீடத்துல வைக்க வேண்டாம்னுதானே சாமியார் சொன்னார்? செடியில பூ வைக்கிறது சாமியாரா, கடவுளா?"

"விசுவாசம் இல்லாதவதான் கேள்வி கேப்பா!" என்றான் இன்னாசி.

சொன்னதோடு நின்றானா? அதுதான் இல்லை! தினமும் காலையில் செடி செடியாகப் போய் மொட்டுகளைக் கொத்தினான். ரோஜாவை விடவில்லை, மல்லிகையை விடவில்லை, லில்லியையும் விடவில்லை. கொத்தியதைக் கீழேயாவது போட்டானா? அத்தனையையும் விழுங்கினான். "உங்க பாவத்தையெல்லாம் நான் ஒருத்தனே சுமக்கிறேன்," என்று சொல்லி ஏப்பம் வேறு விட்டான். இந்த ஜென்மத்தை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது!

இரண்டாம் வாரம் ரோசலி என்ற தேனீ அவனிடம் பறந்து வந்தாள். "அண்ணே, கூட்டுல எங்க குஞ்சுகள் பசியில துடிக்குது. அந்த வேலியோரச் செடியை மட்டுமாவது விட்டுடுங்க!"

"குஞ்சுகளும் நோன்பு இருக்கட்டும்! பரலோகத்துல தேன் கிடைக்கும்!"

"பரலோகத்துக்கு இப்பவே அனுப்பப் பாக்கிறீங்களே!" என்று அழுதாள் ரோசலி.

இதைக் கேட்ட செபத்தி சும்மா இருக்கவில்லை. மிஞ்சியிருந்த ஒரே லில்லி மொட்டின் மேல் ஏறி உட்கார்ந்து மறைத்துக்கொண்டாள். வெயிலில் தோல் காய்ந்தும் நகரவில்லை. மூன்றாம் நாள் இன்னாசி அவளை ஒரு காலால் புரட்டித் தள்ளிவிட்டு அந்த மொட்டையும் தின்றான்.

ஐந்தாம் வாரம் தேனீக்கள் கூட்டைக் காலி செய்தன. பசியால் செத்த குஞ்சுகளைக் கூட்டிலேயே விட்டுவிட்டுப் போயின. ரோசலி யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாள் காலையில், சிஸ்டர் பெனடிக்டா கூடையோடு தோட்டத்துக்கு வந்தார். பீடத்தை அலங்கரிக்கப் பூப் பறிக்க வேண்டும். ஒவ்வொரு செடியாக விலக்கி விலக்கிப் பார்த்தார். "ஆண்டவரே, ஒரு பூ கூடவா இல்லை?" என்று அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கடைத்தெருவுக்குப் போய், கூடை நிறையப் பிளாஸ்டிக் பூக்களோடு திரும்பி வந்தார்.

ஈஸ்டர் காலையில் கோவில் மணி அடித்தது. இன்னாசி வாலை விரித்துக்கொண்டு தோட்டத்தின் நடுவில் வந்து நின்றான்.

"தவக்காலம் முடிஞ்சுது! அனுமதி கொடுத்துட்டேன்! ரோஜாவே, பூ! மல்லிகையே, பூ! ம், சீக்கிரம்!"

ஒரு இலைகூட அசையவில்லை.

"ஏன் இதுங்க பூக்க மாட்டேங்குது?" என்று கத்தினான்.

"அட கடவுளே! மொட்டு முழுக்க உங்க வயித்துக்குள்ள போச்சு. செடி எதை வச்சுப் பூக்கும்?" என்றாள் செபத்தி.

இன்னாசி ஜன்னல் வழியாகக் கோவிலுக்குள் எட்டிப் பார்த்தான். உடனே அவன் முகம் மலர்ந்தது. "இதுக்குப் போயா இவ்வளவு அலட்டிக்கிட்டே? உள்ளே போய்ப் பாரு! எத்தனை பூ! எல்லாம் பளபளன்னு! வாடவே வாடாதாம்!"

செபத்தி தேனீக்கள் இல்லாத கூட்டைப் பார்த்தாள். "ஆமாண்ணே, வாடாது. ஒரு குஞ்சுக்கும் பசியாத்தாது. நாளைக்கு இன்னொரு பூவாகவும் எழுந்து வராது. ஆண்டவர் உயிர்த்த நாளில, உயிரே இல்லாததைக் கொண்டுபோய் அவர் முன்னாடி வைக்க வச்சுட்டீங்களே!"

கடவுள் மலரச் செய்வதைப் பக்தியின் பெயரால் கிள்ளி எறிகிறவன், கடவுளின் தோட்டத்தையே பாழாக்குகிறான்.