சொர்ணப்பன் கப்பலேறிய கதை

இந்தக் கதையை நான் பல வருஷங்களாக நம்பவில்லை. சொன்னவர் வெயிலுகந்தான். எல்லாம் நடந்தபோது கூடவே இருந்தவர், பொய் சொல்லும் அளவுக்குச் சாமர்த்தியம் இல்லாதவர். அதனால் கோளாறு என்னிடம்தானோ என்றுகூட அவ்வப்போது தோன்றும். அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

தூங்கணேந்தலில் ஆடு மேய்க்கும் சொர்ணப்பனுக்கு நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. பங்காளி என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. அந்த ஊர் அய்யனார் கோயில் பொங்கலில் ஒரு வழக்கம் உண்டு. வகையறாவுக்கு, அதாவது ஒரே வம்சத்தாருக்கு, ஒரு பானை. பொங்கியதும் அதே வகையறா ஆட்கள் இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்க வேண்டும். ஒற்றை ஆளுக்குப் பானை கிடையாது. சொர்ணப்பன் வருஷாவருஷம் அடுத்தவர் அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டு, வீட்டுக்கு வந்து கஞ்சி குடிப்பான்.

அந்த வருஷம் பினாங்கிலிருந்து கோமளா என்கிற அம்மாள் பூசாரிக்குப் போன் போட்டார். தன் முப்பாட்டன் தூங்கணேந்தலிலிருந்து கப்பலேறியவராம். பொங்கலன்று வருவாராம். அதற்குள் அவருடைய வகையறாவைக் கண்டுபிடித்து வைக்க வேண்டுமாம். அதற்கென்று ‘கடல் கடந்த முன்னோரைத் தேடுவது எப்படி’ என்ற கையேட்டையும் தபாலில் அனுப்பிவைத்தார்.

சொர்ணப்பன் கையேட்டைக் கேட்டு வாங்கினான். அந்த அம்மாள் தன் வகையறாவாக இருந்துவிட்டால், பானைக்கு இன்னொரு கை கிடைத்துவிடும். வெயிலுகந்தான் வாசிக்க வந்தார். வாசித்ததற்கு அர்த்தம் சொல்லக் கூட்டாளி சங்கிலி வந்தான்.

“தேடலை உங்களிடமிருந்து தொடங்குங்கள்” என்று வாசித்தார் வெயிலுகந்தான்.

சங்கிலி சொர்ணப்பனின் சட்டைப்பையில் கைவிட்டான். பிறகு மடியை அவிழ்த்து உதறினான். ஒரு பீடிக்கட்டும் உடைந்த சீப்பும் விழுந்தன.

“முப்பாட்டன் இங்க இல்ல. அண்ணே, அடுத்தத வாசிங்க.”

“குடும்பத்தின் மூத்தவரை உட்காரவைத்துப் பேசவிடுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.”

சொர்ணப்பன் குடும்பத்தில் மூத்தவர் சொர்ணப்பன்தான். அவனைக் கட்டிலில் உட்காரவைத்தார்கள். கேள்வி வரட்டும் என்று அவன் காத்திருந்தான். குறுக்கே பேசக் கூடாதே என்று இவர்கள் காத்திருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் ஆடுகள் தாமாகவே பட்டிக்கு வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

“அழுத்தமான கிழவன்யா” என்றான் சங்கிலி.

அடுத்த பக்கத்தில், ஆதாரம் இல்லாமல் எவரையும் நம்பாதீர்கள், பிறப்புப் பதிவைப் பாருங்கள் என்று இருந்தது. மூவரும் தாலுகா ஆபீஸுக்குப் போனார்கள். சொர்ணப்பன் வீட்டில் பிறந்தவன். அப்பன் பதியவில்லை. ஏட்டில் அவன் பெயர் இல்லை.

வெளியே வந்ததும் சொர்ணப்பன் சங்கிலியைப் பிடித்து நிறுத்தினான். “அப்ப நான் பொறக்கவே இல்லையா மாப்ள?”

“அவசரப்படாத. செத்திருக்கியான்னு பாத்துருவோம்.”

இடுகாட்டில் குழி வெட்டிக்கொண்டிருந்தவர் மூவரையும் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னைய இங்க பொதைச்சிருக்காகளாண்ணே?” என்று கேட்டான் சொர்ணப்பன்.

“இன்னைக்கு வரைக்கும் இல்லப்பா. எடம் பாத்து வைக்கணுமா?”

கல்லறை மேட்டிலேயே உட்கார்ந்து வெயிலுகந்தான் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். “பிறந்த பதிவும் இல்லை, இறந்த தடயமும் இல்லை என்றால், நீங்கள் தேடும் நபர் கப்பலேறிப் போனவராக இருக்கக்கூடும்.”

சங்கிலி எழுந்து சொர்ணப்பன் தோளில் கைவைத்தான்.

“மச்சான், போனது நீதான்” என்றான் சங்கிலி.

“நான் கடலையே பாத்ததில்லையேடா.”

“மறந்துட்ட. அம்புட்டுத் தூரம் போனா எவனுக்குத்தான் ஞாபகம் இருக்கும்?”

சொர்ணப்பன் நம்பிவிட்டான். பெண்டாட்டி பிள்ளைகளை அந்நிய மண்ணில் விட்டுவிட்டு, சொல்லாமல் வந்துவிட்டோமே என்று வழியெல்லாம் அழுதுகொண்டே நடந்தான்.

பொங்கலன்று கோமளா வந்து இறங்கினார். அவருக்கு அறுபது வயது இருக்கும். வெயிலுகந்தான் கும்பிட்டுவிட்டு, “வகையறாவத் தேடச் சொன்னீங்க. ஆளையே புடிச்சிட்டோம்மா. இவருதான் உங்க முப்பாட்டன்” என்றார்.

கோமளா சொர்ணப்பனை மேலும் கீழும் பார்த்தார். “ஆதாரம் இருக்கா?”

“ஒண்ணுகூட இல்லம்மா. புத்தகத்துல போட்டிருக்க மாதிரியே எதுவுமே இல்ல.”

அவர் கண்ணாடியை மாட்டி, கடைசிப் பக்கத்தில் விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். பிறகு சடாரென்று சொர்ணப்பன் காலில் விழுந்தார்.

“ஏன் தாத்தா, பாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டீங்க?”

“ஆடு தனியா கெடக்கும்னு வந்துட்டேன் தாயி. மனசுல வச்சுக்காத.”

“பரவாயில்ல தாத்தா. உடம்பை நல்லா வச்சிருக்கீங்க.”

பூசாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டும் ஒரே ரத்தந்தான். எனக்குச் சந்தேகமே இல்ல. பானைய வைங்க” என்றார்.

பானை பொங்கியது. ஒரு பக்கம் பேத்தி, ஒரு பக்கம் தாத்தா. நாற்பது வயதில் முதன்முறையாகச் சொர்ணப்பன் கையில் பானைச் சூடு பட்டது. கொப்புளம் கண்டது. அதை ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தானாம்.

இவ்வளவுதான் வெயிலுகந்தான் சொன்னது. நடந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. நானும் வீட்டில் பிறந்தவன். போன மாதம் தாலுகா ஆபீஸுக்குப் போய்ப் பார்த்தேன், என் பெயர் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் ஊர் இடுகாட்டையும் ஒரு சுற்றுச் சுற்றினேன். அங்கேயும் இல்லை. நேராகத் தூங்கணேந்தலுக்குப் பஸ் ஏறி, வெயிலுகந்தான் எதிரே உட்கார்ந்து, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்:

“அண்ணே, நான் எந்தக் கப்பல்ல போனேன்?”