கருங்குட்டை ரசிகர்கள்

கருங்குட்டையில் மூன்று தவளைகள் ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தன. மெல்லிசை எல்லாம் கிடையாது, காது கிழிகிற பாட்டு. கட்டைக்குரல் தவளை அடிவயிற்றிலிருந்து உறுமும். கீச்சுக்குரல் தவளை தொண்டை வீங்கக் கத்தும். கொட்டுத் தவளை காய்ந்த சுரைக்குடுக்கையின் மேல் குதித்துக் குதித்தே தாளம் போடும். குட்டையின் நடுவே இருந்த தாழம்புதருக்குள் உட்கார்ந்துதான் பாடும். அந்தி சாய்ந்ததும் தண்ணீரிலிருந்து பனிமூட்டம் எழும்பிவிடும். கரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கரையில் கூடும் ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாட்டு தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். முடியும்வரை திறக்கக் கூடாது. நடுவில் திறக்கிறவன் ரசிகனே இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன். பாடுகிற தவளைகளும் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடின.

அமாவாசைக்கு அமாவாசை ஒரு புதுப் பாட்டுத் தொகுப்பு. மறுநாள் காலை மருதமரத்தடியில் விமர்சனக் கூட்டம். யார் வேண்டுமானாலும் பேசலாம். பேச்சு பிடித்திருந்தால் கேட்டவர்கள் ஆளுக்கொரு வேப்பம்பழம் கொண்டுவந்து வைப்பார்கள். கொண்டலாத்திப் பறவைக்கு முன்னால்தான் எப்போதும் பழம் குவியும். அது பேசுவதில் பாதி யாருக்கும் புரியாது. புரியாததால்தான் குவிந்தது என்று எனக்கொரு சந்தேகம்.

ஒரு அமாவாசையன்று, பாட்டு பாதியில் இருக்கும்போது கட்டைக்குரல் நின்றுபோனது. அதன்பிறகு அது கேட்கவே இல்லை.

மறுநாள் கூட்டத்தில் முயல் முதலில் எழுந்தது. "என்ன இருந்தாலும் முதல் தொகுப்புக்கு ஈடாகுமாண்ணே? அதுல இருந்த வேகம் இதுல இல்ல."

"உன் காது பழகவில்லை," என்றது கொண்டலாத்தி. "கலைஞன் முதிர முதிரக் குறைத்துக்கொண்டே போவான். கட்டைக்குரலை விலக்கியது ஒரு துணிச்சல்."

ஓணான் ஆமாம் என்று தலையாட்டியது. அது எல்லாவற்றுக்கும் தலையாட்டும்.

அடுத்து அணில் பேசியது. அதற்கு இதுதான் முதல் கூட்டம். "எனக்குப் பெருசா சொல்லத் தெரியாது. கட்டைக்குரல் தானா நிக்கல. யாரோ வாயப் பொத்தின மாதிரி நின்னுச்சு. அப்ப தண்ணி ஒரு தடவ சுழிக்கிற சத்தம் கேட்டுச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இதற்குப் பெயர் விமர்சனமா?" என்றது கொண்டலாத்தி. "பயம் உன் சொந்தப் பிரச்சினை. அதைப் பாட்டின் மேல் ஏற்றாதே."

அணிலின் முன்னால் ஒரு பழம்கூட விழவில்லை. அது வாலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அடுத்த அமாவாசையில் கீச்சுக்குரல் நின்றது. ஒரு கீச்சு தொடங்கியது, அது முடியவில்லை. கரையில் எல்லோரும் கண்ணை மூடியபடி தலையை ஆட்டி ரசித்தார்கள்.

விடிந்ததும் கொட்டுத் தவளை அணிலைத் தேடி வந்தது. இரண்டும் பழைய சிநேகிதர்கள்.

"கண்ணத் தொறந்து பாத்தா பக்கத்துல அவன் இல்ல," என்றது தவளை. "மொதல்ல கட்டைக்குரலான் போனப்ப, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். இப்ப இவனும் இல்ல. ராத்திரியெல்லாம் தூக்கமே வரல. ஆனா ஊரே நல்லா இருக்குன்னு சொல்லுது. நீ ஒருத்திதான் மாத்திச் சொன்ன. நான் இன்னும் பாடவா, இல்ல இந்தக் குட்டைய விட்டே போயிடவா?"

அணிலுக்கு வாய்வரை பதில் வந்துவிட்டது. ஆனால் மரத்தடியில் கூட்டம் கூட ஆரம்பித்திருந்தது.

"கூட்டத்துல சொல்றேன். புல்லுக்குப் பின்னால இருந்து கேட்டுக்க," என்றது.

அணில் பேச எழுந்தது. கொண்டலாத்தியின் கொண்டை மெல்ல விரிந்தது. முயல் சிரிப்பதற்குத் தயாராக உதட்டைக் குவித்தது. அணில் ஒரு கணம் எல்லோரையும் பார்த்தது. அதற்கு வெட்கமாக இருந்தது.

"இனி மிஞ்சுவது தாளம் மட்டும்," என்று தொடங்கியது. அதன் பேச்சே மாறிவிட்டிருந்தது. "குரல்கள் விலகிய இடத்தில் ஒரு வெறுமை பாடுகிறது. இதுவரை வந்த தொகுப்புகளில் இதுவே உச்சம். கொட்டுத் தவளை தனியாகப் பாட வேண்டும் என்பதே என் விருப்பம்."

பழங்கள் விழுந்தன. கொண்டலாத்தியே ஒன்றை எடுத்துவந்து வைத்தது. புல்லுக்குப் பின்னால் இருந்த தவளை பெருமூச்சு விட்டுக் குட்டைக்குத் திரும்பியது. அணில் ஒரு பழத்தை எடுத்துக் கடித்தது. அது இனிப்பாகத்தான் இருந்தது.

மூன்றாவது அமாவாசை. அந்தியில் பனிமூட்டம் கரைவரை வந்து நின்றது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். தாழம்புதருக்குள்ளிருந்து தாளம் மட்டும் கேட்டது. டொம். டொம். டொம். பிறகு சுரைக்குடுக்கை தண்ணீரில் கவிழ்கிற சத்தம்.

அப்புறம் ஒன்றும் இல்லை.

"முடிஞ்சிருச்சா?" என்று முயல் முணுமுணுத்தது.

"கண்ணைத் திறக்காதே. மௌனமும் பாட்டுதான்," என்றது கொண்டலாத்தி. காலைவரை பொறுக்க முடியாமல் அங்கேயே விமர்சனத்தைத் தொடங்கியது. "ஆகா, எப்பேர்ப்பட்ட மௌனம்! இது நம்மை நோக்கி நகர்ந்து வருகிறது. அதன் குளிர்ச்சியைக்கூட என்னால்..."

பேச்சு அங்கேயே நின்றது.

"பாதியில நிறுத்தினதுதான் அழகு," என்றது முயல், கண்ணைத் திறக்காமலே. ஓணான் தலையாட்டியது.

அணில் கண்ணைத் திறந்தது.

கரையோரம் ஒரு மலைப்பாம்பு ஈரத்தோடு படுத்திருந்தது. அதன் வாயோரத்தில் கொண்டலாத்தியின் கொண்டை இறகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அணில் ஒரே தாவலில் மரத்தின் மேல் ஏறியது. பாம்பு அவசரப்படவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தி, தழை உரசுவதுபோல அவ்வளவு மெதுவாகப் பேசியது.

"தங்கச்சி, உங்க கூட்டத்துக்கு நானும் தவறாம வருவேன். வேருக்கடியில படுத்துக் கேப்பேன். மொதல் தடவ நீ பேசினப்ப எனக்கு வெலவெலத்துப் போச்சு. தண்ணி சுழிச்சதக்கூடச் சொல்லிட்டியே! வேற குட்டைக்குப் போயிடலாம்னுகூட நெனச்சேன். ரெண்டாவது தவளையப் பயந்து பயந்துதான் எடுத்தேன். அப்புறம் நீயே மாத்திப் பேசின. அன்னைக்குத்தான் எனக்கு நிம்மதியாச்சு. அவன் தனியா பாடணும்னு சொன்னதும் நீதானே?"

 அணில் கீழே பார்த்துக் கத்தியது.

"முயலே, ஓடு! கண்ணத் தொற! பாம்பு! நம்ம கொட்டுத் தவளையத் தின்னுடுச்சு!"

"மறுபடியும் பயமா?" முயல் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டது. "நீ நல்லாப் பேசித் தேறிட்டன்னு நெனச்சேன். நடுவுல பேசாத. நாளைக்குக் கூட்டத்துல சொல்லு."

பாம்பு முயலின் பக்கம் திரும்பியது.

தன் காது கேட்டதை ஊர் மெச்சுவதற்காக மாற்றிச் சொல்கிறவர், பின்னால் உண்மையைக் கத்திச் சொன்னாலும் நம்ப ஆளிருக்காது.